கண்ணாடியில் படிந்த கரி

கரி துடைப்பது எனக்குச் சிறுவயதிலேயே பழகிய தொழில். நான் பள்ளிச் சிறுவனாக இருந்த நாளில் எங்கள் ஊருக்கு மின்சாரம் வந்துவிட்டது. ஆயினும் விளக்கு எரிந்த இரவுகளுக்கு ஈடாக எரியாத இரவுகளும் இருந்தன. ஆகவே மாலைதோறும் அரிக்கேன் விளக்கின் கண்ணாடிச் சிமினியைச் சாம்பலும் பழந்துணியும் கொண்டு துடைத்து வைக்கும் பொறுப்பு என்னிடம் விடப்பட்டிருந்தது. திரியைச் சிறிது மிகுதியாக ஏற்றிவிட்டால் போதும். சுடர் நாக்கு நீட்டும். சிமினியின் ஒரு பக்கம் கறுத்துவிடும். மறுநாள் எனக்கு இரட்டிப்பு வேலை. பிற்காலத்தில் ஆசிரியப் பயிற்சி பெற்று, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அறிவியல் கற்பித்தபோது, எரிதல் என்னும் பாடத்தைத் தொடங்கும் அன்று அந்தப் பழைய சிமினியைத்தான் முதலில் மேசைமேல் வைப்பேன். இத்தகைய நான், ஓய்வு பெற்ற பிறகு, கரி படிந்த ஒரு கண்ணாடியின் முன் காரணம் தெரியாமல் ஒரு வாரம் விழித்து நின்றேன் என்றால் நீங்கள் நகைப்பீர்கள். நகைக்கலாம், ஆனால் முழுதும் கேட்ட பிறகு நகையுங்கள்.

என் மகள் கனடா நாட்டில், ஒன்டாரியோ மாகாணத்தில், டொரன்டோ நகரை அடுத்த ஓர் ஊரில் குடியிருக்கிறாள். ஒரு பனிக்காலத்தை அவளுடன் கழிக்க நானும் என் மனைவியும் சென்றிருந்தோம். அந்நாட்டு வீடுகள் பலவற்றில் கூடத்துச் சுவரில் கணப்பு ஒன்று அமைந்திருக்கும். குளிர்காயும் அடுப்பு என்று கொள்ளுங்கள். முற்காலத்தில் அதில் விறகு எரித்தார்கள். இப்போது பல வீடுகளில் விறகின் இடத்தைக் குழாய் வழியே வரும் எரிவாயு பிடித்துக்கொண்டது. சுவருக்குள் ஓர் இரும்புப் பெட்டி. அதன் முகப்பில் வெப்பம் தாங்கும் கண்ணாடி. பெட்டியின் அடியில் துளைகள் நிறைந்த எரிகுழாய். அக்குழாயின் மேல் விறகுக் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டிருப்பது போலத் தோன்றும். அவை மரக்கட்டைகள் அல்ல. தீப்பற்றாத பீங்கான் பொருளால் மரப்பட்டை, கணு, வெடிப்பு எல்லாம் வைத்துச் செய்த போலிக் கட்டைகள். பொத்தானை அழுத்தினால் அக்கட்டைகளின் இடையிலிருந்து மஞ்சள் நிறச் சுடர்கள் எழுந்து ஆடும். விறகு எரிகிறது என்றே வந்தவர் எண்ணுவர்.

பெட்டியின் பின்புறத்திலிருந்து ஒரு குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே செல்கிறது. அது குழாய்க்குள் குழாயாக அமைந்தது. உட்குழாய் வழியே எரிந்த வாயுக்கள் வெளியேறும். இரண்டுக்கும் இடைப்பட்ட வெளியின் வழியே புதிய காற்று உள்ளே வரும். கண்ணாடி முகப்பு இறுக மூடியிருப்பதால், அடுப்பு மூச்சு வாங்குவதும் விடுவதும் வெளிக்காற்றிலேதான். நாம் அமர்ந்திருக்கும் கூடத்தின் காற்றுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. இந்த அமைப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதைக்கு இது வேண்டும்.

நாங்கள் சென்ற சில நாட்களில் கண்ணாடியின் மேற்பகுதி மங்கலாயிற்று. ஒரு வாரத்தில் மை பூசினாற்போல் ஆயிற்று. அடுப்பை அணைத்து, நன்கு ஆறவிட்டு, மகளும் நானும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தோம். சாம்பல் போட்டுத் தேய்க்கலாம் என்றேன். கண்ணாடியில் கீறல் விழும் என்று மகள் தடுத்துவிட்டாள். அவள் சொன்னது சரி. கீறல் விழுந்த கண்ணாடி வெப்பத்தில் வலுவிழக்கும். அம்மோனியா கலந்த சாதாரணக் கண்ணாடி நீர்மங்களும் அதற்கு ஆகா. துடைத்து மாட்டிய நான்காம் நாளே மீண்டும் கரி.

“மூன்று ஆண்டுகளாக இப்படி ஆனதே இல்லையே, மாமா” என்றார் மருமகன். பத்து வயதுப் பேத்தி வேறொரு கேள்வி கேட்டாள்: “தாத்தா, அங்கே கட்டைதான் எரியவில்லையே. பிறகு கரி எங்கிருந்து வருகிறது?”

நல்ல கேள்வி. விடையை உங்களுக்கும் சொல்கிறேன்.

அக்குழாயில் வரும் வாயு பெரும்பாலும் மீத்தேன். ஒரு கரி அணுவும் நான்கு ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்தது அதன் மூலக்கூறு. ஆகவே நிறமற்ற அந்த வாயுவுக்குள்ளேயே கரி இருக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாதபடி ஒளிந்திருக்கிறது. ஒரு பங்கு மீத்தேன் முற்றிலும் எரிய இரண்டு பங்கு பிராணவாயு வேண்டும். காற்றில் பிராணவாயு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே ஆதலின், ஒரு பங்கு வாயுவுக்குப் பத்துப் பங்கு காற்று வேண்டும் என்று கணக்கிட்டுக் கொள்ளலாம். அவ்வளவு காற்றும் தக்க நேரத்தில் கலந்துவிட்டால் கரி முழுவதும் கரியமில வாயுவாகவும், ஹைட்ரஜன் நீராவியாகவும் மாறிப் போய்விடும். அடுப்பை ஏற்றிய முதற் சில நிமிடங்களில் கண்ணாடியின் உட்புறம் வியர்த்து, பின் தெளிவதைப் பேத்திக்குக் காட்டினேன். ஹைட்ரஜன் எரிந்து நீரான செய்திதான் அது.

காற்று குறைந்தால் என்ன ஆகும்? வெப்பத்தில் வாயுவின் மூலக்கூறுகள் சிதைகின்றன. ஹைட்ரஜன் எளிதில் எரிந்துவிடும். கரி அணுக்கள் துணை கிடைக்காமல் ஒன்றோடொன்று கைகோத்து வளையங்களாகி, வளையங்கள் சேர்ந்து நுண்ணிய துகள்களாகின்றன. அத்துகள்கள் சுடரின் வெப்பத்தில் பழுக்கக் காய்ந்து ஒளிவிடுகின்றன. மஞ்சள் சுடரின் மஞ்சள் என்பது இதுவே. மெழுகுவத்தியின் ஒளியும், அகல் விளக்கின் ஒளியும், பழைய அரிக்கேன் விளக்கின் ஒளியும் காய்ந்து ஒளிரும் புகைக்கரியின் ஒளியே. 1815ஆம் ஆண்டில் சுரங்கத் தொழிலாளருக்கெனக் காப்பு விளக்கு அமைத்த ஹம்பிரி டேவி இதனை விளக்கினார். அவரிடம் உதவியாளராக இருந்து வளர்ந்த மைக்கேல் பாரடே, 1860ஆம் ஆண்டின் இறுதியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இளைஞர்களுக்காகத் தொடங்கிய சொற்பொழிவுகளில் ஒரு மெழுகுவத்தியையே பொருளாக எடுத்துக்கொண்டார். உங்களைப் போன்ற மாணவர்கள்தாம் அவர் முன் அமர்ந்திருந்தவர்கள். அறிவியல் ஆசிரியர் எவரும் அந்நூலை ஒரு முறையேனும் படித்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

துகள்கள் ஒளிவிட்ட பின் எங்கே செல்கின்றன? சுடரின் ஓரத்தை அடையும்போது அங்கே காற்று கிடைத்து எரிந்து மறைகின்றன. அதனால்தான் நன்றாக எரியும் விளக்கில் ஒளி உண்டு, புகை இல்லை. ஓரத்தை அடையுமுன் அவை குளிர்ந்துவிட்டாலோ, ஓரத்திலும் காற்று போதாவிட்டாலோ, எரியாமல் தப்பி வெளியே வந்துவிடும். தப்பி வந்த கரிதான் சிமினியிலும் கண்ணாடியிலும் படிவது. நம் பாட்டியர் அகல் சுடரின் மேல் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்துக் கண்ணுக்கு மை எடுத்தார்களே, அவர்கள் செய்தது என்ன? எரிந்து போகவிருந்த துகள்களை வழியில் குளிரச் செய்து பிடித்துக்கொண்டார்கள், அவ்வளவே.

சோதனைச்சாலையில் நீங்கள் பயன்படுத்தும் பன்சன் அடுப்பு இதற்கு நேர்மாறானது. ஹைடல்பர்க் நகரில் ராபர்ட் பன்சன் 1855ஆம் ஆண்டளவில் வழக்கிற்குக் கொண்டுவந்த அந்த அடுப்பில், வாயு எரியுமுன்பே காற்றுடன் கலந்துவிடுகிறது. கரித் துகள் பிறக்கவே இடம் இல்லை. ஆகவே சுடர் நீலமாக இருக்கிறது. அடியிலுள்ள துளையை மூடிப் பாருங்கள், உடனே மஞ்சளாகும். சமையலறை அடுப்பில் நாம் விரும்புவது இந்த நீலச் சுடரையே.

இங்கேதான் கணப்பின் தனிச் சிக்கல் வருகிறது. அதை வாங்குவோர் நீலச் சுடரை விரும்புவதில்லை. விறகுத் தீயைப் போல் மஞ்சளாய் ஆட வேண்டும் என்கிறார்கள். ஆகவே அதைச் செய்வோர் முதற் காற்றை வேண்டுமென்றே குறைத்து வைக்கிறார்கள். கரித் துகள் பிறக்க வேண்டும், ஒளிவிட வேண்டும், ஆனால் பெட்டியை விட்டு வெளியேறுமுன் எரிந்தும் போக வேண்டும். கத்தி முனையில் நடப்பது போன்ற வேலை. அடுப்பிலுள்ள ஒவ்வொரு பொருளின் இடமும் அந்தக் கணக்கின்படியே அமைக்கப்பட்டிருக்கிறது. சிறிது பிசகினாலும் கணக்குத் தவறி, கண்ணாடி கறுக்கிறது.

பிசகு எங்கெங்கு நேரலாம்? வெளியிலிருந்து தொடங்குவோம். சுவருக்கு வெளியே உள்ள குழாயின் வாயைப் பனி மூடலாம். பறவை கூடு கட்டலாம். அப்போது புதுக் காற்று வராது, எரிந்த வாயுவும் போகாது. சுடர் சோர்ந்து, நீண்டு, எதையோ தேடுவது போல அலையும். பனிப் புயலுக்குப் பின் முதற்கண் பார்க்க வேண்டிய இடம் இதுவே. அடுத்து, வாயு நுண்துளையிலிருந்து பீறிட்டு வரும்போது தன்னோடு காற்றை இழுத்துச் செல்வதற்கு ஒரு சாளரம் உண்டு. அதன் மூடி அளவுக்கு மேல் மூடியிருந்தாலோ, தூசியும் சிலந்திவலையும் அடைத்திருந்தாலோ, சுடர் எங்கும் செம்மஞ்சளாகி, நுனியில் புகை இழை தெரியும். கரி கண்ணாடி முழுவதும் சீராகப் படியும். எரிகுழாயின் துளைகள் அடைபட்டிருந்தால் சுடர் ஒரு பக்கம் குட்டையாகவும் மறுபக்கம் நெட்டையாகவும் இருக்கும். தணல் போல் தோன்றுவதற்காகத் துளைகளைச் சுற்றிப் போடும் பஞ்சு போன்ற தாது இழையை அளவுக்கு மீறிப் போட்டாலும் இதே விளைவுதான். வாயுவின் அழுத்தம் தவறியிருக்கலாம். மீத்தேனுக்கென அமைந்த அடுப்பில் நுண்துளையை மாற்றாமல் புரொப்பேனை விட்டிருக்கலாம். புரொப்பேனுக்கு ஒரு பங்குக்கு இருபத்துநான்கு பங்கு காற்று வேண்டும் என்பதை அறிந்தவர்க்கு அதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. இவை இரண்டும் உரிமம் பெற்ற தொழில்நுட்பர் கை வைக்க வேண்டியவை, வீட்டார் தொடலாகாது.

ஒன்று சொல்ல மறந்தேன். கண்ணாடியில் படிவது எல்லாம் கரி அன்று. வெண்மையான மெல்லிய படலம் ஒன்றும் நாளடைவில் படியும். அது வாயுவிலும் கட்டைகளிலும் உள்ள கந்தகம், தாதுப் பொருள்கள் முதலியவற்றால் ஆவது. அவ்வப்போது துடைத்தால் போதும். கறுப்புத்தான் காரணம் கேட்பது. சுடரைச் சோதிப்பவர் ஏற்றியவுடன் பார்த்து முடிவு செய்யவும் கூடாது. தொடக்கத்தில் அது நீலமாகவே இருக்கும். கட்டைகள் காய்ந்து, கால் மணி நேரமேனும் கழிந்த பின்னரே தன் உண்மை நிறத்தைக் காட்டும்.

இவற்றையெல்லாம் நான் பேத்திக்கு விளக்கினேன், மருமகனுக்கும் விளக்கினேன். பனியில் இறங்கிச் சென்று வெளிக்குழாயின் வாயையும் பார்த்தேன்; தெளிவாக இருந்தது. ஆயினும் கரி நிற்கவில்லை. “கரிதானே, துடைத்துக்கொள்வோம்” என்றேன். மாலை நேரங்களில் என் மனைவி தலை வலிக்கிறது என்றாள். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். ஒரு வாரம் இவ்வாறு சென்றது.

மாணவர்களே, இந்த இடத்தில் உங்கள் ஆசிரியர் தவறு செய்தார் என்று எழுதிக்கொள்ளுங்கள். கரி தப்பி வருகிறது என்றால் எரிதல் முற்றுப்பெறவில்லை என்று பொருள். முற்றுப்பெறாத எரிதலில் கரி மட்டும் பிறப்பதில்லை. கார்பன் மோனாக்ஸைடும் பிறக்கிறது. இரண்டு பிராணவாயு அணுக்களை அடைய வேண்டிய கரி அணு ஒன்றோடு நின்றுவிட்டால் அவ்வாயு உண்டாகிறது. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, சுவை இல்லை. எரிவாயு கசிந்தால் மூக்குக்குத் தெரிவதற்கென அதில் நாற்றப் பொருள் கலக்கிறார்கள். அந்த நாற்றமும் எரிதலில் அழிந்துவிடுவதால் மூக்கு இங்கே உதவாது. நம் இரத்தத்தின் ஹீமோகுளோபின் பிராணவாயுவைப் பற்றுவதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இந்த வாயுவைப் பற்றிக்கொள்கிறது. மூச்சு ஓடும்; உடலுக்குப் பிராணவாயு சேராது. முதலில் தலைவலி, பிறகு குமட்டல், மயக்கம், சோர்வு. சளிக் காய்ச்சல் போலத் தோன்றும், காய்ச்சல் மட்டும் இராது. உறங்குபவர் விழிப்பதில்லை.

அதே ஒன்டாரியோ மாகாணத்தில், உட்ஸ்டாக் என்னும் நகரில், 2008ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஒரு வீட்டிலிருந்த தாய், தந்தை, இரு குழந்தைகள் ஆகிய நால்வரும் இவ்வாயுவால் இறந்தனர். அவர்கள் வீட்டு எரிவாயுக் கணப்பின் புகைவழி அடைபட்டிருந்தது. வெளியேற வேண்டியது வீட்டுக்குள் திரும்பியது. எச்சரிக்கும் கருவி அவ்வீட்டில் இல்லை. அக்குடும்பத்தின் உறவினர்கள் பல ஆண்டுகள் முயன்றதன் பயனாக, 2013ஆம் ஆண்டில் அம்மாகாணச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. எரிபொருள் அடுப்போ கணப்போ உள்ள வீடுகளில் படுக்கை அறைகளின் அருகே இவ்வாயுவை அறிவிக்கும் மணிக்கருவி இருந்தே ஆக வேண்டும் என்று 2014இல் விதி நடைமுறைக்கு வந்தது.

இச்செய்தியை மருமகன் ஓர் இரவு சொன்னார். நான் எழுந்து மாடிக்குச் சென்று, அவர்கள் வீட்டுக் கருவியின் சோதனைப் பொத்தானை அழுத்தினேன். ஒலி இல்லை. மின்கலத்தை மாற்றினோம், அப்போதும் ஒலி இல்லை. கருவியின் முதுகில் பொறித்திருந்த தேதியைப் பார்த்தோம். அக்கருவிகளுக்கு ஏழு முதல் பத்து ஆண்டு வரையே ஆயுள். இதற்கோ ஆயுள் முடிந்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. வீடு வாங்கியபோது சுவரில் இருந்தது. இருக்கிறது என்ற நம்பிக்கையிலேயே எல்லாரும் உறங்கினார்கள். அன்றிரவு கணப்பை அணைத்தோம். சன்னல்களைத் திறந்து வைத்து, கம்பளிக்குள் சுருண்டு படுத்தோம்.

மறுநாள் தொழில்நுட்பர் வந்தார். பேச்சுக் குறைந்த மனிதர். கண்ணாடியைக் கழற்றுமுன் அதன் ஓரங்களை விரலால் தடவிப் பார்த்தார். கீழ்ப்புறத்துக் கவ்விகளில் ஒன்று சரியாகப் பூட்டப்படவில்லை. அந்த மூலையில் கண்ணாடி சட்டத்தோடு ஒட்டாமல் நூலிழை இடைவெளி இருந்தது. கூடத்துக் காற்றுக்கும் அடுப்புக்கும் தொடர்பு இல்லை என்று முதலில் சொன்னேனே, அந்தத் தொடர்பை நாங்கள் துடைத்து மாட்டியபோது உண்டாக்கியிருக்கிறோம். பிறகு உள்ளே பார்த்தார். போலிக் கட்டைகளில் நடுவில் இருந்த இரண்டின் அடிப்புறம் மட்டும் அட்டைக் கறுப்பாக இருந்தது. மற்றவை வெளுத்தே இருந்தன.

“இவற்றை யாராவது நகர்த்தினீர்களா?” என்று கேட்டார்.

மகள் என்னைப் பார்த்தாள். நாங்கள் வந்து சேர்ந்த வாரம் கணப்பின் உட்புறத்தைத் தூசி தட்டியபோது, அக்கட்டைகள் தாறுமாறாகக் கிடப்பதாக எனக்குத் தோன்றியது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காலை வழிபாட்டில் மாணவர்களை வரிசையில் நிறுத்திய கை சும்மா இருக்குமா? சாய்ந்து கிடந்ததை நிமிர்த்தி, விலகி நின்றதை நெருக்கி, எல்லாவற்றையும் அணிவகுத்து வைத்துவிட்டேன். அந்தத் தாறுமாறுதான் கணக்கு என்பது எனக்குத் தெரியவில்லை. எழுகின்ற சுடர்களுக்கு வழிவிட்டே அக்கட்டைகள் அமைந்திருந்தன. நான் நெருக்கி வைத்தவை சுடரின் வழியில் குறுக்கே நின்றன. சுடர் அவற்றின் அடியில் மோதிக் குளிர்ந்தது. துகள்கள் எரியாமல் தப்பின. பாட்டி கவிழ்த்த கிண்ணத்தையே நான் கவிழ்த்திருக்கிறேன். பேத்திக்கு அதை விளக்கிய வாயால், என் கை செய்தது அதுவே என்று எனக்குச் சொல்லிக்கொள்ளத் தெரியவில்லை.

அவர் கரியை மெல்லிய தூரிகையால் தட்டி எடுத்தார். சாதாரணத் தூசி உறிஞ்சியைப் பயன்படுத்த மறுத்தார். அவ்வளவு நுண்ணிய துகள் அதன் பையினூடே புகுந்து கூடம் முழுவதும் பறக்கும், நுரையீரலுக்குள்ளும் செல்லும் என்றார். அடுப்பின் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள படத்தின்படி ஒவ்வொரு கட்டையையும் அதற்குரிய முளையில் பொருத்தினார். எரிகுழாயையும், காற்றுச் சாளரத்தையும், வாயுவின் அழுத்தத்தையும் சோதித்தார். அவற்றில் குறை இல்லை. கண்ணாடியை மாட்டிக் கவ்விகளைப் பூட்டினார். அடுப்பை ஏற்றி அரை மணி நேரம் காத்திருந்தார். பிறகு ஒரு சிறு கருவியால் அறைக் காற்றை அளந்து, அதன் முகத்தில் சுழியம் நிற்பதை எங்களுக்குக் காட்டினார். என் மனைவிக்கு முன்பு வந்த தலைவலி குளிரால் வந்ததாகவே இருக்கலாம். ஆனால் அதைக் குளிர் என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு என்ன சான்று இருந்தது?

ஊர் திரும்பிய பின் எங்கள் சமையலறையிலும் ஒரு மாறுதல் செய்தேன். நம் வீட்டுச் சிலிண்டரில் உள்ளவை புரொப்பேனும் பியூட்டேனும். பியூட்டேன் ஒரு பங்குக்கு முப்பது பங்குக்கு மேல் காற்றைக் கேட்பது. பொங்கி வழிந்த பாலும் சோற்றுக் கஞ்சியும் அடுப்புமூடியின் துளைகளை அடைத்துவிட்டால் சுடர் மஞ்சளாகி, பாத்திரத்தின் அடி கறுக்கிறது. முன்பெல்லாம் பாத்திரத்தைத் தேய்க்கக் கொடுப்போம். இப்போது அடுப்பை அணைத்து ஆறவிட்டு, மூடியைக் கழற்றி, துளைகளை ஊசியால் குத்திக் கழுவிக் காயவைத்துப் பொருத்துகிறேன். அப்போதும் மஞ்சள் மாறாவிட்டால் எரிவாயு முகவர் அனுப்பும் மெக்கானிக்கை அழைக்கிறேன். மழைக்காலத்தில் சாரல் அடிக்கிறது என்று சன்னலை முழுதும் சாத்துவதையும் விட்டுவிட்டோம்.

கனடாவை விட்டுப் புறப்படுமுன் மாடியில் புதிய மணிக்கருவி ஏறியது. பேத்தி கட்டைகள் இருக்கும் நிலையைப் புகைப்படம் எடுத்து, அடுப்பின் குறிப்பேட்டுக்குள் ஒட்டி வைத்தாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் கற்ற எழுத்தில் படத்தின் கீழ் ஒரு வரியும் எழுதினாள். சற்றுக் கோணலான எழுத்துத்தான், ஆனால் ஒற்றுப்பிழை இல்லை: “தாத்தா தொடக் கூடாது.”